கடல் கடந்து வரும் பணமும் அதன் சட்டமும்: சர்வதேச நிதிச் சட்ட மேற்படிப்பு பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2022 மார்ச் மாதம் தனுஷ்கோடிக் கரையில் இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய குடும்பங்களை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைக்குழந்தைகளோடு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களை மண்டபம் முகாமில் தங்க வைத்தார்கள். அப்போது அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. விலைவாசியைத் தாங்க முடியவில்லை என்பதே வந்தவர்கள் சொன்ன காரணம். அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அரசு அறிவித்தது.

இதற்கும் நம் பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் என்ன சம்பந்தம்? இலங்கை அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் டாலரில் கடன் வாங்க வெளியிட்ட பத்திரங்கள் இலங்கைச் சட்டத்தின்படி எழுதப்பட்டவை அல்ல. நியூயார்க் சட்டத்தின்படி எழுதப்பட்டவை. தவணை தவறியதும், கரீபியன் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸில் பதிவு பெற்ற ஹாமில்டன் ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் நியூயார்க் நீதிமன்றத்தில் இலங்கை அரசின் மீது வழக்குத் தொடுத்தது. அந்த வங்கியிடம் இருந்த பத்திரங்களின் மதிப்பு சுமார் 25 கோடி டாலர். பத்திரம் வைத்திருந்த மற்றவர்களோடு பேசி, பழைய பத்திரங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கொடுத்து முடிக்க 2024 டிசம்பர் ஆகிவிட்டது.

அந்தப் பத்திரங்களின் வாசகத்தை எழுதியவர்களும், வழக்கில் வாதாடியவர்களும், கடன் சீரமைப்புப் பேச்சுவார்த்தையில் இரு தரப்புக்கும் ஆலோசனை சொன்னவர்களும் படித்த துறையின் பெயர்தான் சர்வதேச நிதிச் சட்டம். மண்டபம் முகாமில் அடைக்கலம் தேடிய தாய்க்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் நாட்டுக் கடனின் தலைவிதி அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் தீர்மானமானது.

நம் கரையோர ஊர்களின் நிலையும் இதிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி, இராமேஸ்வரம் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கடல் தாண்டிய சம்பாத்தியம் இல்லாத தெரு குறைவு. 17ஆம் நூற்றாண்டில் சீதக்காதி எனப்படும் பெரியதம்பி மரைக்காயர் கீழக்கரையிலிருந்து கப்பல் வணிகம் செய்தார். மன்னார் வளைகுடாவின் சங்குகள் வளையலாக அறுக்கப்படுவதற்கு வங்காளம் வரை போயின. நம் காலத்தில் கீழக்கரை பி.எஸ். அப்துர் ரஹ்மான் துபாயில் வளர்த்த ஈ.டி.ஏ. நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்தது. சம்பாதிக்கத் தெரிந்தவர்களும், அனுப்பத் தெரிந்தவர்களும், தர்மம் செய்யத் தெரிந்தவர்களும் நம்மிடம் ஏராளம். அந்தப் பணம் எந்தச் சட்டத்தின் கீழ் கடலைக் கடக்கிறது என்று வாசித்துச் சொல்லக்கூடியவர்கள்தாம் நமக்குப் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் படிப்பு என்பதால்தான் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

இது என்ன படிப்பு?

சட்டத்தில் இளநிலைப் பட்டம் (எல்.எல்.பி.) முடித்தவர்கள் சேரும் முதுநிலைப் பட்டம் எல்.எல்.எம். அதில் ஒரு சிறப்புப் பிரிவுதான் சர்வதேச நிதிச் சட்டமும் ஒழுங்குமுறையும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர் மாறும். ஓரிடத்தில் வங்கி மற்றும் நிதிச் சட்டம் என்பார்கள். இன்னோரிடத்தில் நிறுவன மற்றும் நிதிச் சேவைச் சட்டம் என்பார்கள். பாடத்தின் உட்கரு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, பணம் தொடர்பான ஒப்பந்தங்களின் சட்டம்: கடன், பத்திரம், உத்தரவாதம், காப்பீடு ஆகியவை ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையில் எப்படிச் செல்லுபடியாகின்றன என்பது. இரண்டாவது, கண்காணிப்பின் சட்டம்: வங்கிகளையும் பங்குச் சந்தைகளையும் யார் மேற்பார்வை செய்கிறார்கள், எந்த விதிகளால் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியும் செபியும், சிங்கப்பூரில் அந்நாட்டு நாணய ஆணையமும், மலேசியாவில் பேங்க் நெகாராவும் அந்த வேலையைச் செய்கின்றன.

வகுப்பில் கற்பது என்ன?

நம் பகுதிக்கு நெருக்கமான சில உதாரணங்களைப் பார்ப்போம்.

மண்டபத்திலோ இராமேஸ்வரத்திலோ பிடிபடும் இறாலும் நண்டும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகின்றன. வாங்குபவரின் வங்கி கொடுக்கும் எல்.சி. என்ற உறுதிப் பத்திரத்தை நம்பித்தான் பல ஏற்றுமதியாளர்கள் சரக்கைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். உலகெங்கும் எல்.சி.க்குப் பயன்படும் விதித்தொகுப்பு யு.சி.பி. 600. பாரிஸில் உள்ள சர்வதேச வணிகச் சபை வெளியிட்ட இது 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அடிப்படை விதி எளியது: வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும்தான், சரக்கை அல்ல. இறால் முதல்தரமாக இருக்கலாம்; ஆவணத்தில் கப்பல் ஏற்றிய தேதி எல்.சி.யில் சொன்னதற்கு மாறாக இருந்தால் வங்கி பணத்தை மறுக்கலாம். எல்.சி.யில் வேறு கெடு குறிப்பிடாவிட்டால் சரக்கு ஏற்றிய 21 நாட்களுக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு வியாபாரியின் ஒரு பருவ உழைப்பு காப்பாற்றப்படும்.

அடுத்தது வங்கிகளின் கண்காணிப்பு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் கூடும் வங்கிக் கண்காணிப்புக் குழு 1974இல் ஏற்பட்டது. ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கி வீழ்ந்து, பல நாட்டு வங்கிகளை நட்டப்படுத்தியதுதான் அதற்குக் காரணம். நம் பெரியவர்களுக்கு இன்னொரு பெயர் நினைவிருக்கும்: பி.சி.சி.ஐ. பாகிஸ்தானைச் சேர்ந்த ஆகா ஹசன் அபேதி 1972இல் தொடங்கிய இந்த வங்கி லக்சம்பர்க்கில் பதிவாகி, லண்டனிலிருந்து இயங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளை பரப்பியது. பிழைப்புக்காகக் கடல் கடந்த தெற்காசியர் பலர் நம் ஆட்களின் வங்கி என்று நம்பிப் பணம் போட்டார்கள். 1991 ஜூலை 5 அன்று பல நாடுகளின் அதிகாரிகள் ஒரே நாளில் அதை மூடினார்கள். பதிவு ஒரு நாட்டில், நிர்வாகம் இன்னொரு நாட்டில் என்பதால் முழு வங்கியையும் பார்க்கும் கண் எங்குமே இருக்கவில்லை. அதன் பிறகுதான் பன்னாட்டு வங்கி ஒவ்வொன்றுக்கும் முழுப் பொறுப்பேற்கும் தாய் நாட்டுக் கண்காணிப்பாளர் இருக்க வேண்டும் என்ற விதியைப் பாசெல் குழு 1992இல் இறுக்கியது. வங்கி ஒழுங்குமுறை என்ற பாடத்தில் இத்தகைய வீழ்ச்சிகளையும் அவற்றால் பிறந்த விதிகளையும் வரிசையாகப் படிப்பார்கள்.

மூன்றாவது, ஒரே ஊரில் இரண்டு சட்டம். துபாய் சர்வதேச நிதி மையம் 2004இல் உருவானது. அதன் எல்லைக்குள் சிவில், வணிகச் சட்டங்கள் தனி. ஆங்கில மொழியில் நடக்கும் தனி நீதிமன்றமும் உண்டு. அந்த மையத்தில் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பழைய பணிக்கொடை முறைக்குப் பதிலாக 2020 பிப்ரவரி முதல் மாதாமாதம் செலுத்தும் சேமிப்புத் திட்டம் வந்துவிட்டது. தேராவில் வேலை செய்யும் அண்ணனுக்கு ஒரு விதி, நிதி மையத்தில் வேலை செய்யும் தம்பிக்கு ஒரு விதி. இருவரும் துபாயில்தான் இருக்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைச் சொல்ல ஆள் வேண்டாமா?

உண்டியல்: நம் ஊர்ப் பாடம்

சபுராளிகளின் வீடுகளில் உண்டியல் என்ற சொல் புதிதல்ல. ஒரு காலத்தில் உண்டியல் என்பது வணிகர்களிடையே மதிப்பு மிக்க பணப்பத்திரம். 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம்கூட நாட்டு மொழிகளில் எழுதப்படும் இத்தகைய பத்திரங்களின் உள்ளூர் வழக்கத்தைத் தொடாமல் விட்டது. இன்று நாம் உண்டியல் என்று சொல்வது வேறு. அங்கே ஒருவரிடம் திர்ஹமோ ரியாலோ கொடுத்தால் இங்கே ஒருவர் வீட்டு வாசலில் ரூபாய் கொண்டுவந்து தருவார். எந்த வங்கியிலும் பதிவு இருக்காது.

அனுப்புகிறவர்தான் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (ஃபெமா) 3ஆவது பிரிவின்படி, வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக வரும் பணத்தை அங்கீகாரம் பெற்ற வழியில் அல்லாமல் வாங்குவதும் மீறல்தான். 13ஆவது பிரிவின்படி சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். வாசலில் பணம் வாங்கும் உம்மாவும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்.

இதற்கு முந்தைய 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் சிறைத் தண்டனையே பிரதானமாக இருந்தது. ஃபெமா அதை அபராதம் சார்ந்த சட்டமாக மாற்றியது. ஆனால் அந்தப் பணத்துக்குப் பின்னால் வேறு குற்றம் இருப்பதாகக் கருதப்பட்டால், 2005 முதல் நடைமுறையில் உள்ள சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் உள்ளே வரும். உண்டியல் பணம் யார் யார் கை மாறி வந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு நட்டமும் உண்டு. உண்டியலில் வந்த பணத்துக்கு எழுத்து இல்லை. வீடு வாங்கும்போது வருமான வரித்துறை மூலத்தைக் கேட்டால் காட்ட முடியாது. பிரிட்டன் மாணவர் விசாவுக்குத் தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் வங்கிக் கணக்கில் இருந்ததைக் காட்ட வேண்டும். வாப்பா முப்பது வருடம் பாலைவனத்தில் உழைத்து அனுப்பிய பணம் பீரோவில் இருந்தால் அது பிள்ளையின் விசாவுக்கு உதவாது.

வங்கிகள் ஏன் இப்போது இத்தனை கேள்வி கேட்கின்றன என்பதற்கும் பதில் இந்தப் படிப்பில்தான் இருக்கிறது. 1989இல் ஜி-7 நாடுகள் ஏற்படுத்திய எஃப்.ஏ.டி.எஃப். என்ற அமைப்பு, பணப் பரிமாற்றக் கண்காணிப்பில் பின்தங்கிய நாடுகளைச் சாம்பல் பட்டியலில் வைக்கிறது. இலங்கை 2017 முதல் 2019 வரை அதில் இருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 மார்ச்சில் சேர்க்கப்பட்டு 2024 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. பாரிஸில் எடுக்கும் ஒரு முடிவு தொழிலாளி வரிசையில் நிற்கும் எக்ஸ்சேஞ்ச் கவுன்டர் வரை வந்து சேர்கிறது.

"ஹலால்" என்ற பெயரும் ஒப்பந்தத்தின் வாசகமும்

வட்டியைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பாடத்தில் தனியாக ஒரு பிரிவு உண்டு. இஸ்லாமிய நிதிச் சட்டம் இன்று லண்டன், கோலாலம்பூர், தோஹா ஆகிய இடங்களில் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே எல்லா மாணவர்களும் படிக்கும் ஒரு வழக்கைச் சொல்கிறோம்.

பஹ்ரைனின் ஷாமில் வங்கியிடம் பங்களாதேஷின் பெக்சிம்கோ நிறுவனம் முராபஹா முறையில் நிதி பெற்றது. புனித ஷரீஅத்தின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு இந்த ஒப்பந்தத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்ற கருத்தில் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நேரத்தில், இது உண்மையான முராபஹா அல்ல, மறைமுக வட்டிக் கடன், ஆகவே செல்லாது என்று பெக்சிம்கோ தரப்பு வாதிட்டது. 2004இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் ஏதாவது ஒரு நாட்டின் சட்டமாக இருக்க வேண்டும். ஷரீஅத் என்று பொதுவாகச் சொன்னால் எந்தக் கருத்தின்படி என்று நீதிமன்றம் தீர்மானிக்க முடியாது என்று கூறி, இங்கிலாந்துச் சட்டத்தின்படி பணத்தைக் கட்ட வேண்டும் எனத் தீர்த்தது.

2017இல் ஷார்ஜாவின் டானா கேஸ் நிறுவனம், தானே வெளியிட்ட 70 கோடி டாலர் சுகூக் பத்திரங்கள் ஷரீஅத்துக்கு உட்பட்டவை அல்ல என்று சொல்லிப் பணம் தர மறுத்தது. லண்டன் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில், இங்கிலாந்துச் சட்டத்தின்படி எழுதப்பட்ட அதன் வாங்கும் உறுதிமொழி செல்லும் என்றது. இரண்டு வழக்கும் சொல்லும் பாடம் ஒன்றே. முன்பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைவிட உள்ளே எழுதியிருக்கும் வாசகமே நீதிமன்றத்தில் பேசும்.

மலேசியா இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. அங்கே மத்திய வங்கியின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவின் தீர்ப்பு நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்தியாவில் நிலை வேறு. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்தது 2017இல் தெரியவந்தது. ஆகவே இந்தியாவில் இஸ்லாமிய வங்கி என்று உரிமம் பெற்ற வங்கி எதுவும் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் மோசடிகள் நுழைகின்றன. பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனம் ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் திரட்டியது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டு வெளியேறினார். அடுத்த மாதமே கைது செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மகளின் கல்யாணச் செலவுக்கும் வயதான காலத்துக்கும் சேர்த்த பணத்தை இழந்தன. அதே ஆண்டு, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. தமிழகத்தில் 1997 முதலே வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் (டான்பிட்) உண்டு. அதற்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலும் செயல்படுகிறது. இவற்றையெல்லாம் பணம் போன பின்பு கேள்விப்படுகிறோம். பணம் போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிறுவனம் எந்தக் கண்காணிப்பு அமைப்பிடம் பதிவு பெற்றது, எண் என்ன? ஹஜ்ரத்மார்கள் முதலீட்டின் மார்க்க அம்சத்தைச் சொல்வார்கள். பதிவையும் கணக்கையும் சரிபார்ப்பது அதற்கென்று படித்தவரின் வேலை.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் ஓராண்டு எல்.எல்.எம். நடத்துகின்றன. பெங்களூரு, ஹைதராபாத், காந்திநகர், ஜோத்பூர், நம் திருச்சி ஆகிய இடங்களில் சேர கிளாட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனித் தேர்வு. செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். என்ற கல்வி நிறுவனம், மும்பை தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து முதலீடு மற்றும் பங்குப் பத்திரச் சட்டத்தில் எல்.எல்.எம். நடத்துகிறது. நிதித்துறையில் குறியாக இருப்பவர்களுக்கு இது மிகப் பொருத்தமானது. சென்னையில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் வணிகச் சட்டப் பிரிவில் இரண்டாண்டு எல்.எல்.எம். உண்டு.

வெளிநாட்டில், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் வணிகச் சட்ட ஆய்வு மையமும் கிங்ஸ் கல்லூரியும் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. ஐரோப்பிய மத்திய வங்கி இருக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டில் கோத்தே பல்கலைக்கழகம் நிதிச் சட்டத்தில் எல்.எல்.எம். தருகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் ஹாங்காங் பல்கலைக்கழகமும் ஆசியாவில் முன்னணி. இஸ்லாமிய நிதியை மையமாகப் படிக்க விரும்புவோருக்கு மலேசியாவில் இரண்டு இடங்கள் முக்கியம்: அந்நாட்டு மத்திய வங்கி 2005இல் நிறுவிய இன்சீஃப், 1983 முதல் இயங்கும் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம்.

வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பும் சட்டப் பட்டதாரிகளுக்கு லண்டன் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்வி எல்.எல்.எம். ஒரு வழி. பாடம் பாடமாகப் பணம் கட்டி, சில ஆண்டுகளில் முடிக்கலாம். ஆனால் இந்தியாவில் பேராசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ தொலைக்கல்விச் சட்டப் பட்டம் செல்லுமா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

பிளஸ் டூ முதல் தொடங்கும் பாதை

இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டில் சில பல்கலைக்கழகங்கள் பி.காம். படித்தவர்களையும் நிதிச் சட்டம் என்ற பெயருள்ள முதுநிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்கின்றன. வங்கியில் விதி இணக்கப் பிரிவில், அதாவது கம்ப்ளையன்ஸில், வேலை பார்க்க அது போதும். ஆனால் எல்.எல்.பி. இல்லாமல் எல்.எல்.எம். மட்டும் வைத்துக்கொண்டு இந்தியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. ஏஜென்ட் சொல்லும் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

ஆகவே அடித்தளம் எல்.எல்.பி.தான். பிளஸ் டூ முடித்தவுடன் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு. அல்லது ஏதேனும் ஒரு பட்டம் முடித்து மூன்றாண்டுப் படிப்பு. தமிழக அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண் அடிப்படையில் இடம். 2017இல் இராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான் கட்டணம். நம் பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய தூரத்தில் சட்டப் படிப்பு இருப்பது நம் முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத வசதி. 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர் ஃபாத்திமா பீவி. பின்னாளில் நம் தமிழகத்தின் ஆளுநராகவும் இருந்தார். சட்டம் பெண்பிள்ளைகளுக்குச் சரிவருமா என்று கேட்பவர்களுக்கு அவரது வாழ்க்கையே பதில்.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர கிளாட் தேர்வு. அது இப்போது டிசம்பரிலேயே, பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே, நடந்துவிடுகிறது. அதனால் பிளஸ் ஒன்னில் தயாரிப்பைத் தொடங்கியாக வேண்டும். ஆங்கில வாசிப்புதான் இந்தத் தேர்வின் முதுகெலும்பு. தினமும் ஒரு ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கத்தை வாசிக்கும் பழக்கம், பின்னால் எல்.எல்.எம். வரை கை கொடுக்கும்.

எல்.எல்.பி. முடித்ததும் உடனே எல்.எல்.எம்.முக்கு ஓட வேண்டாம் என்பது நம் கருத்து. இரண்டு ஆண்டு ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலோ வங்கியின் சட்டப் பிரிவிலோ வேலை பார்த்தால், எந்தப் பிரிவில் ஆழமாகப் போக வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியும். உதவித்தொகைக்கும் அந்த அனுபவம் தேவைப்படும்.

செலவும் வட்டியும்

லண்டனின் முன்னணிக் கல்லூரிகளில் எல்.எல்.எம். கட்டணம் மட்டுமே 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். தங்கும் செலவு தனி. இந்தியத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் மொத்தமே சில லட்சங்களில் முடியும். மலேசியாவில் இரண்டுக்கும் இடைப்பட்ட செலவு.

வட்டிக் கடன் வாங்கி வெளிநாடு போவதா என்ற கேள்வி பல வீடுகளில் இரவுகளைத் தின்கிறது. மார்க்க ரீதியான பதிலை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு ரீதியான பதிலை நாம் சொல்கிறோம்: படித்தபின் அங்கேயே வேலை கிடைத்துக் கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். பிரிட்டனில் முதுநிலை முடித்தவர்கள் வேலை தேட இரண்டு ஆண்டு தங்கலாம் என்ற அனுமதி, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்கள் அந்நாட்டு வழக்கறிஞர் தகுதியையும் எதிர்பார்க்கும்.

உதவித்தொகைகளில் செவனிங் முக்கியமானது. பிரிட்டிஷ் அரசு தரும் இது ஓராண்டு முதுநிலைப் படிப்பின் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் எல்லாவற்றையும் ஏற்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு தாயகத்தில் இருக்க வேண்டும். விண்ணப்பம் பொதுவாக ஆகஸ்டில் தொடங்கி அக்டோபரில் முடியும். காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்த மத்திய அரசின் படோ பர்தேஷ் திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பி அலைய வேண்டாம். மாநில அரசின் உதவிகளுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள சிறுபான்மையினர் நலப் பிரிவில் நேரில் கேட்பதே நல்லது.

படித்தபின் என்ன வேலை?

செபியும், காந்திநகர் கிஃப்ட் சிட்டியில் 2020 முதல் இயங்கும் சர்வதேச நிதிச் சேவை மையங்கள் ஆணையமும், ரிசர்வ் வங்கியும் சட்ட அதிகாரிகளைத் தேர்வு மூலம் எடுக்கின்றன. இவற்றுக்கு அடிப்படைத் தகுதி எல்.எல்.பி.; எல்.எல்.எம். கட்டாயம் அல்ல. கிஃப்ட் சிட்டி இந்திய மண்ணிலேயே அந்நியச் செலாவணியில் நிதிச் சேவைகள் நடக்கும் மையம் என்பதால், இந்தத் துறை படித்தவர்களின் தேவை அங்கே இருக்கும். வங்கிகளின் சட்டப் பிரிவு, கம்ப்ளையன்ஸ் பிரிவு, நிறுவனச் சட்ட அலுவலகங்கள், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. துபாய், தோஹா, மனாமாவில் உள்ள வங்கிகளும் கம்ப்ளையன்ஸ் ஆட்களைத் தேடுகின்றன. இஸ்லாமிய நிதிக்கான கணக்கியல் தரங்களை வகுக்கும் ஆவோஃபி பஹ்ரைனில்தான் உள்ளது.

சம்பளத்தைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் (2:282) குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நியாயமாக எழுதத் தெரிந்த எழுத்தரையும் சாட்சிகளையும் அந்த வசனம் வேண்டுகிறது. இன்றைய ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில், அறுபது பக்கத்தில், வேறு நாட்டுச் சட்டத்தில் வருகின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்தான் இன்றைய எழுத்தர்.

வீட்டில் பேசி முடிவெடுக்க

எல்லாப் பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டியதில்லை. வாசிப்பில் பொறுமையும், வாதத்தில் நிதானமும், கணக்கைக் கண்டு அஞ்சாத குணமும் உள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். அப்படி ஒரு மகனோ மகளோ உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் நல்ல எல்.எல்.பி., பிறகு இரண்டாண்டு அனுபவம், அதன்பின் உதவித்தொகையோடு அல்லது இந்தியாவிலேயே எல்.எல்.எம். என்ற வரிசையை யோசியுங்கள். இன்றிலிருந்தே வீட்டுக்கு வரும் பணத்தை வங்கி வழியாக வரவழையுங்கள். பிள்ளையின் படிப்புக்கான பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

ஊர் ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், நம் ஊர்ச் சட்ட மாணவர்களையும் வழக்கறிஞர்களையும் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார வையுங்கள். வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், முதலீட்டுப் படிவம், கடன் பத்திரம் எதுவானாலும் கையெழுத்திடும் முன் அவர்களிடம் ஒரு முறை காட்டலாம் என்ற பழக்கத்தை உண்டாக்குங்கள். மாணவருக்கு அது பயிற்சி; காட்ட வரும் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. ஏமாந்த பின் மதுரை நீதிமன்ற வாசலில் நிற்பதைவிட, ஏமாறும் முன் நம் ஊர்ப் பிள்ளையின் முன்னால் அரை மணி நேரம் உட்காருவது எவ்வளவோ மேல்.